பின் ஷாக் அப்சார்பரை வீட்டு வாசலிலேயே மாற்றுவது எப்படி

கேள்வி: "அண்ணா, தென்னாப்பிரிக்கா டர்பனில் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். வண்டி 2012 மாடல் செடான், முன்சக்கரம் இழுக்கிற வகை, 1,40,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஸ்பீட் ஹம்ப் தாண்டினால் பின்பக்கம் இரண்டு மூன்று தடவை ஆடித்தான் அடங்குகிறது. இடது பின் ஷாக்கில் எண்ணெய் வடிந்திருக்கிறது. ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. பூட்டின் (பின்பக்கச் சாமான் அறையின்) கார்பெட்டை விலக்கினால் ஷாக்கின் மேல் நட் தெரிகிறது; கீழே ஒரே ஒரு போல்ட். கடையில் நாலு ஷாக், நாலு ஸ்பிரிங், வீல் அலைன்மென்ட் (சக்கரக் கோணம் சரிசெய்வது) எல்லாம் சேர்த்து விலை சொன்னார்கள், அவ்வளவு கையில் இல்லை. ஈஸ்டர் திருவிழாவுக்கு அம்மாவையும் பிள்ளைகளையும் மவுண்ட் எட்ஜ்கூம் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போகணும். பின் ஷாக்கை நானே மாற்றலாமா? ஸ்பிரிங் கம்ப்ரஸர் வேணுமா?"

தாராளமாக மாற்றலாம், தம்பி. நீங்கள் சொல்கிற அமைப்பு வீட்டில் செய்யத் தோதானது. ஸ்பிரிங் தனியாக இருப்பதால், அதை அமுக்கிப் பிடிக்கிற கம்ப்ரஸர் வேண்டாம். ஒரு பக்கத்துக்கு ஒரு நட், ஒரு போல்ட், அவ்வளவுதான் கழற்ற வேண்டியது. கழற்றி மாட்டுவது யாருக்கும் வரும். ஆனால் அச்சை எப்படித் தாங்கிப் பிடிப்பது, கீழ் போல்ட்டைக் கடைசியாக எந்த நிலையில் முறுக்குவது என்ற இரண்டு இடத்தில்தான் வேலை கெட்டுப்போகிறது. காசு வாங்கிக்கொண்டு செய்கிறவர்களே இரண்டாவதைக் கோட்டை விடுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் அந்த இரண்டையும் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் போனது ஷாக்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் எடை தாங்குவதில்லை. ஸ்பிரிங் ஆடுகிற ஆட்டத்தை அடக்குவதுதான் அதன் வேலை. உள்ளே ஒரு பிஸ்டன் எண்ணெய்க்குள் மேலும் கீழும் போகும். பிஸ்டனில் உள்ள சின்ன வால்வுகள் வழியாக எண்ணெய் நெருக்கியடித்துக்கொண்டு ஓடும்போது ஆட்டத்தின் சக்தி சூடாக மாறிக் கரைந்துவிடும். எண்ணெய் வெளியே போய்விட்டாலோ வால்வு தேய்ந்துவிட்டாலோ அடக்க ஆள் இல்லை, ஸ்பிரிங் தன் போக்குக்கு ஆடும். ஆகவே வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து உட்கார்ந்திருந்தால் அது ஸ்பிரிங்கின் கோளாறு. ஆடி அடங்க நேரமானால் ஷாக்கின் கோளாறு. உங்களுடையது இரண்டாவது.

பூட் மூடியைக் கையால் அழுத்திவிட்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று பார்ப்பதை எல்லாரும் செய்வார்கள். அதை முழுசாக நம்ப வேண்டாம். கையால் அழுத்துவது மெதுவான அசைவு. பாதிக்கு மேல் தேய்ந்த ஷாக்கும் அதில் தப்பித்துவிடும். டயர் சொல்வதை நம்புங்கள். பின் டயரின் மேல்பரப்பில் உள்ளங்கையை வைத்துச் சுற்றுவாட்டில் தடவுங்கள். மேடு பள்ளமாக, அலை அலையாகத் தேய்ந்திருந்தால் அந்தச் சக்கரம் தரையை விட்டுவிட்டுத் துள்ளிக்கொண்டு ஓடியிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம், வளைவில் சின்ன மேடு வந்தால் பின்பக்கம் ஒரு முழம் வெளியே நகர்கிற மாதிரி இருக்கிறதா என்று கவனியுங்கள். ஹிக்கின்சன் ஹைவேயில் மழை பெய்து ஈரமாகக் கிடக்கும்போது அந்த நகர்வுதான் ஆளைக் கவிழ்க்கும். துள்ளுகிற சக்கரத்துக்குப் பிரேக் பிடிப்பும் கிடையாது, ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற பிரேக் அமைப்பு) இருந்தாலும் அப்படித்தான். ஷாக்கை வெறும் சொகுசுச் சாமான் என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள் என்று எல்லாரிடமும் நான் சொல்வது அதனால்தான்.

எண்ணெயைப் பற்றி ஒரு விஷயம். ஷாக்கின் உடம்பில் மேல்பாகத்தில் மட்டும் லேசான எண்ணெய்ப் பூச்சு, அதில் புழுதி ஒட்டி மங்கலான கறுப்பு வளையம், இது கசிவு இல்லை. பிஸ்டன் தண்டு ஒவ்வொரு தடவை வெளியே வரும்போதும், எண்ணெயைத் தடுக்கிற சீல் வளையத்தை நனைக்கிற எண்ணெயில் துளி வெளியே வரும், அது இயல்பு. கசிவு என்றால் ஈரம் கீழ்வரை வழிந்திருக்கும், கீழ்க் கண்ணில் (கீழ் போல்ட் போகிற வளையத்தில்) சொட்டு நிற்கும், புழுதி சேறு மாதிரி குழைந்திருக்கும். சந்தேகமாக இருந்தால் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். மறுபடி வழிந்தால் போய்விட்டது. இடது பக்கம்தானே கசிகிறது என்று இடதை மட்டும் மாற்றக் கூடாது. ஒரே அச்சில் ஒன்று புதுசு ஒன்று பழசு என்றால் ஒரு பக்கம் அடங்கும், மறுபக்கம் ஆடும். வளைவில் வண்டி இரண்டு மாதிரி நடந்துகொள்ளும். எப்போதும் ஜோடியாகத்தான்.

கடைக்காரர் சொன்ன பட்டியலுக்கு வருவோம். 80,000 கி.மீ. தாண்டினால் ஷாக்கைச் சோதித்து மாற்றச் சொல்வது ஷாக் தயாரிப்பாளர்கள் பலரின் வழக்கம். 1,40,000 ஓடிய வண்டியில் முன் ஷாக்கும் களைத்திருக்கலாம், அவர் நாலு என்று சொன்னதில் தப்பில்லை. ஆனால் முன்பக்கம் ஸ்ட்ரட் வகை, ஸ்பிரிங் அதன் மேலேயே அமுக்கி வைக்கப்பட்டிருக்கும். அதைக் கையில் காசு வரும்போது கடையிலேயே செய்துகொள்ளுங்கள். மலிவான கம்ப்ரஸர் வைத்து வீட்டில் அதைக் கழற்றாதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங் நழுவினால் கை கால் போகும், உயிரும் போகும். ஸ்பிரிங் உடையாமல், வண்டி தாழாமல் இருந்தால் பின் ஸ்பிரிங் வாங்க வேண்டியதில்லை. சக்கரத்தைக் கழற்றியதும் டார்ச் அடித்து ஸ்பிரிங்கின் கீழ்ச் சுற்றை முழுக்கப் பாருங்கள். அது உட்காரும் தட்டில் மண்ணும் ஈரமும் தேங்கும், துரு அங்கேதான் பிடிக்கும், உடைவதும் அங்கேதான். உடைந்த துண்டு தட்டிலேயே உட்கார்ந்திருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அலைன்மென்ட்டும் பின் ஷாக்குக்காகத் தேவையில்லை. உங்கள் வண்டி மாதிரி அமைப்பில் பின்னால் இருப்பது பெரும்பாலும் இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற ஒற்றை பீம், நான் அச்சு என்று சொல்வதும் அதைத்தான். அதில் சக்கரத்தின் கோணத்தைத் தீர்மானிப்பது பீம்தான், ஷாக் இல்லை. முன் ஸ்ட்ரட்டை மாற்றும்போதுதான் அலைன்மென்ட் கட்டாயம்.

சாமான் வாங்கப் போகும்போது கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்க்கைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். அதிலேயே வண்டியின் அடையாள எண்ணான விஐஎன் இருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்டால் கவுண்டரில் சரியான நம்பரை எடுத்துவிடலாம், "அந்த மாடலுக்கு எல்லாம் ஒன்றுதான்" என்ற பேச்சுக்கு இடமிருக்காது. கேப்ரியல், மன்ரோ, கேஒய்பி, இந்த மூன்றில் எது கிடைத்தாலும் தைரியமாகப் போடலாம். பெயர் தெரியாத பெட்டி பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். ஸ்கிராப்யார்டு ஷாக்கும் வேண்டாம். கசியவில்லை என்பதாலேயே அது நல்லதாகிவிடாது. கூடவே பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுக்க அமுங்கும்போது இடியைத் தாங்குகிற மெத்தை), புழுதி உறை, மேல் நட்டுக்கு மேலும் கீழும் வருகிற ரப்பர்கள் எல்லாம் புதுசாகக் கேளுங்கள். பழைய பம்ப் ஸ்டாப் தொட்டாலே பொடிப்பொடியாக உதிரும். அதை அப்படியே புது ஷாக்கில் போட்டால், ஐந்து பேர் ஏறி ஒரு பள்ளத்தில் இறங்கும்போது இரும்பும் இரும்பும் இடிக்கும், புது ஷாக்கின் ஆயுசும் குறையும். கீழ் போல்ட்டும் நட்டும் ஒரு ஜோடி புதிதாகக் கிடைத்தால் வாங்கி வையுங்கள். மெரபேங்க், புளஃப், இசிப்பிங்கோ பக்கம் கடற்காற்றில் நின்ற வண்டி என்றால் இது அநேகமாகத் தேவைப்படும்.

கருவிகள்: ஒரு டிராலி ஜாக், முடிந்தால் இரண்டு. தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கிற ஆக்ஸில் ஸ்டாண்ட் ஒரு ஜோடி. முன்சக்கரத்துக்கு அண்டை கொடுக்கக் கட்டைகள். சாக்கெட் செட், நீளக் கைப்பிடி, ரிங் ஸ்பேனர், கம்பி பிரஷ், க்யூ20 மாதிரி துரு இளக்கும் எண்ணெய், அளவு டேப், எவ்வளவு முறுக்குகிறோம் என்று காட்டுகிற டார்க் ரென்ச். டார்க் ரென்ச் இல்லாவிட்டால் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். ஊகத்தில் முறுக்குகிற வேலை இல்லை இது.

இடம் முக்கியம். சாட்ஸ்வொர்த்தில் பாதி வீடுகளின் வாசல் சரிவுதான். சரிவில் இந்த வேலையைத் தொடாதீர்கள். சமதளமான சிமென்ட் தரை இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்கு வண்டியைக் கொண்டு போங்கள். பேவிங் கல் பாவிய தரையானால் ஸ்டாண்டுக்கு அடியில் கனமான பிளைவுட் பலகை வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு கால் மட்டும் அமிழும். செங்கல்லையும் சிமென்ட் பிளாக்கையும் வண்டிக்கு முட்டுக் கொடுக்காதீர்கள். எந்த அறிகுறியும் காட்டாமல் சட்டென்று நொறுங்கும்.

பலர் கவனிக்காத இன்னொன்று. ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தை. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் ஹேண்ட்பிரேக் இருந்தும் இல்லாத மாதிரிதான். உங்கள் வண்டியில் முன்சக்கரம் இழுப்பதால் முதல் கியரில் போட்டால், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில் போட்டால், முன்சக்கரம் ஓரளவு பிடித்து நிற்கும். அதோடு இரண்டு முன்சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பழைய டொயோட்டா அவான்ஸா மாதிரி பின்சக்கரம் இழுக்கிற வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், உங்களுக்குக் கியரும் உதவாது, கட்டை மட்டும்தான் துணை என்பதை மனதில் வையுங்கள்.

வேலைக்கு முந்தின நாள் சாயங்காலம் கீழ் போல்ட்டின் இரண்டு முனையையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துரு இளக்கும் எண்ணெயை அடித்து விடுங்கள். படுக்கப் போகும் முன் இன்னொரு தடவை. பிரேக் டிஸ்க்கிலோ டிரம்மிலோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள், வண்டியைத் தூக்குவதற்கு முன்பே, வெறும் வண்டி சமதரையில் நிற்கும்போது பின்சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர்மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்து அளந்து, இரண்டு பக்கமும் எழுதி வையுங்கள். இது ஏன் என்பது கடைசியில் வரும். பூட் அறைக்குள் மேல் நட்டை அரைச்சுற்று மட்டும் இளக்கி விடுங்கள், சக்கர நட்டுகளையும் அப்படியே. பிறகு மேனுவலில் காட்டியிருக்கும் ஜாக் இடத்தில் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் இறக்குங்கள். நடு பீமில் ஜாக் வைத்துத் தூக்குவதைப் பல தயாரிப்பாளர்கள் கூடாது என்கிறார்கள், ஆகவே மேனுவலைப் பார்க்காமல் வேண்டாம். ஸ்டாண்டில் உட்கார்ந்ததும் வண்டியைத் தோளால் நன்றாகத் தள்ளிப் பாருங்கள். ஆடுவதென்றால் நீங்கள் வெளியே இருக்கும்போதே ஆடட்டும். கழற்றிய சக்கரத்தை வண்டியின் ஓரச்சட்டத்துக்கு அடியில் படுக்கப் போட்டு வையுங்கள். ஸ்டாண்ட் நழுவினாலும் வண்டி டயர் மேல்தான் விழும், ஆள் மேல் விழாது.

இப்போது அச்சைத் தாங்குவது. வண்டி தூக்கி நிற்கும்போது பின் பீம் தொங்கும். நிறைய கார்களில் அது இதற்கு மேல் இறங்காமல் பிடித்து நிறுத்துவது ஷாக்தான். தாங்கல் இல்லாமல் கீழ் போல்ட்டை உருவினால் பீம் படாரென்று விழும். ஸ்பிரிங் இடத்தை விட்டுக் குதிக்கும், பிரேக் ஹோஸ் இழுபடும், ஏபிஎஸ் ஒயர் அறுந்து போகும். அதனால் எந்தப் பக்கம் வேலை செய்கிறீர்களோ அந்தப் பக்கம் சக்கரத்துக்குப் பக்கத்தில், பீமின் கைக்கு (சக்கரம் மாட்டியிருக்கும் முனைக்கு) அடியில், மரக்கட்டை வைத்து ஜாக்கை லேசாக ஏற்றுங்கள். ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கினால் போதும். ஸ்டாண்டிலிருந்து வண்டியைக் கிளப்புகிற அளவுக்கு ஏற்றாதீர்கள். ஒரு பக்கம் முழுசாக முடித்த பிறகுதான் மறுபக்கம். அப்போதுதான் மறுபக்கத்து ஷாக் பீமைப் பிடித்துக்கொண்டிருக்கும், எது எப்படி மாட்டியிருந்தது என்று பார்க்க ஒரு மாதிரியும் கண்முன் இருக்கும்.

மேல் நட்டை முதலில் எடுங்கள். நட்டைத் திருப்பினால் தண்டும் கூடவே சுற்றும். தண்டின் நுனியில் பட்டையாகவோ ஆலன் கீ போகிற குழியாகவோ இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு நட்டை ரிங் ஸ்பேனரால் திருப்புங்கள். பழைய ஷாக்தானே என்று குறடு போட்டுத் தண்டைப் பிடித்தால் பரவாயில்லை, ஆனால் அதே பழக்கத்தில் புதிய ஷாக்கின் தண்டைப் பிடித்துவிடாதீர்கள். அந்தப் பளபளப்பான பரப்பில் நகம் தட்டுகிற அளவு கீறல் விழுந்தாலும் போதும், சீல் வளையத்தை அறுத்துச் சீக்கிரமே கசிய ஆரம்பித்துவிடும். அடித்து அடித்துத் திருப்புகிற இம்பாக்ட் கன்னும் வேண்டாம். வாஷர், ரப்பர், மறுபடி வாஷர் என்று வருகிற வரிசையைக் கழற்றக் கழற்றப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழிந்த வாஷர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதையும் சேர்த்து.

பிறகு கீழ் போல்ட். நட் கழன்றும் போல்ட் வராமல் அடம்பிடித்தால் ஜாக்கை ஒரு விரல் அளவு ஏற்றி இறக்கிப் பாருங்கள். எடை விலகுகிற இடத்தில் கையாலேயே உருவ வரும். அப்படியும் வராவிட்டால், போல்ட்டைத் திருப்பும்போது ஷாக்கின் கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் முறுகுகிறதா என்று கிட்டே போய்ப் பாருங்கள். முறுகினால் போல்ட்டும் உள்குழலும் துருவால் ஒட்டிக்கொண்டுவிட்டன. அடித்து அடித்து நட் தாங்கும் பிராக்கெட்டை வளைக்காதீர்கள், ஹாக்சா பிளேடால் இரண்டு பக்கமும் அறுத்து எடுத்துவிடுங்கள். புது போல்ட் போடும்போது பழையதன் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கும் எண்ணுக்குக் குறையாமல் வாங்குங்கள். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கிற சாதா போல்ட் ஆகாது. தீ காட்டிச் சூடாக்கும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். ஷாக்குக்குள் அழுத்தத்தில் கேஸ் இருக்கிறது, பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க் இருக்கிறது.

பழையது வெளியே வந்ததும் புதியதன் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடுங்கள். முழுக்க விரிந்த நீளம், கண்ணின் அகலம், போல்ட் துளை, மேல் மரை எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். கேஸ் நிரப்பிய புதிய ஷாக் தானாக விரியும், பழையது அமுங்கியே கிடக்கும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பழையதை இழுத்து விரித்து அளந்தால் போதும்.

புதியதை நேரே மாட்டிவிடாதீர்கள். கடை அலமாரியில் மாதக்கணக்கில் படுக்கப் போட்டிருப்பார்கள். இரட்டைக் குழாய் வகையில் அப்போது கேஸ் எண்ணெய் அறைக்குள் நுழைந்திருக்கும். தண்டு மேலே இருக்கிற மாதிரி நேராக நிறுத்தி முழுக்க இழுங்கள். அப்படியே தலைகீழாகத் திருப்பி மெதுவாக முழுக்க அமுக்குங்கள். மறுபடி நிமிர்த்தி இழுங்கள். நாலைந்து தடவை செய்தால் நடுவில் 'பொசுக்'கென்று வெறுமையாகப் போகிற இடம் மறைந்து, முழு நீளத்துக்கும் ஒரே சீரான எதிர்ப்பு வரும். அதன் பிறகு படுக்கப் போடாமல் நிமிர்த்தியே வைத்து மாட்டுங்கள். இதைச் செய்யாமல் மாட்டிவிட்டு "புது ஷாக் தட்டுகிறது" என்று கடையில் போய்ச் சண்டை போடுகிறவர்கள் உண்டு.

பம்ப் ஸ்டாப், உறை, கீழ் ரப்பர் இவற்றைத் தண்டில் கோத்து, மேலே துளையில் நுழைத்து, மேல் ரப்பர், வாஷர், நட் போட்டு முறுக்குங்கள். இந்த மேல் நட்டை வண்டி தொங்கும்போதே மேனுவல் சொல்கிற அளவுக்கு முறுக்கிவிடலாம். ரப்பர் நசுங்கிப் பக்கத்தில் பிதுங்குகிற அளவுக்கு இறுக்க வேண்டாம். கீழ்க் கண்ணைப் பிராக்கெட்டில் கொண்டு வந்து, ஜாக்கை ஏற்றி இறக்கித் துளையைச் சேர்த்து, போல்ட்டைப் போட்டு நட்டைக் கையால் ஓட்டி, ஸ்பேனரால் லேசாக மட்டும் பிடியுங்கள். அங்கே நிறுத்துங்கள்.

ஏன் நிறுத்தச் சொல்கிறேன் என்றால், கீழ்க் கண்ணுக்குள் இருப்பது ரப்பர் புஷ். வெளிப்பக்கம் ஷாக்கின் கண்ணோடும் உள்பக்கம் இரும்புக் குழலோடும் அது ஒட்டியிருக்கும். போல்ட்டை இறுக்கியதும் அந்த உள்குழல் பிராக்கெட்டோடு கவ்விக்கொள்ளும், அப்புறம் அது திரும்பாது. வண்டி ஏறி இறங்கும்போது நடக்கிற அசைவெல்லாம் ரப்பர் முறுகித்தான் நடக்கும். சக்கரம் தொங்குகிற நிலையில் போல்ட்டை இறுக்கினால் ரப்பரின் 'சும்மா இருக்கிற நிலை' அந்தத் தொங்கலிலேயே பதிந்துவிடும். வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் ஒரு பக்கமாக முறுகிக்கொள்ளும். நிறுத்தி வைத்திருக்கும் நேரமும் முறுகியபடியேதான் இருக்கும். ஓடும்போது அதற்கு மேலும் முறுகும். கொஞ்ச நாளில் ரப்பர் குழலை விட்டுக் கிழிந்து, ஒவ்வொரு ஹம்ப்பிலும் 'டொக்' என்று கேட்கும். ஷாக் புதுசு, எண்ணெய் கசிவு இல்லை, ஆனாலும் சத்தம் என்று என்னிடம் வந்த வண்டிகளில் கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், ரப்பர் பிறைச் சந்திரன் மாதிரி ஒரு பக்கம் வாய் பிளந்திருக்கும். காரணம் அநேகமாக இதுதான்.

அதனால் கீழ் போல்ட்டின் கடைசி முறுக்கு, வண்டி தன் சொந்த உயரத்தில் நிற்கும்போதுதான். இதற்கு இரண்டு வழி. ஒன்று, சக்கரத்தைப் போட்டு வண்டியை இறக்கி, பின்சக்கரம் இரண்டும் கனமான பலகை மேல் ஏறி நிற்கும்படி செய்து, கட்டை வைத்து, பக்கவாட்டிலிருந்து கை நீட்டி முறுக்குவது. எனக்குப் பிடித்தது இதுதான், கையும் ஸ்பேனரும் நுழைய இடமிருந்தால் இதையே செய்யுங்கள். இன்னொன்று, காலையில் எழுதி வைத்த அளவு. வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போதே பீமுக்கு அடியில் ஜாக்கை ஏற்றி, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அதே அளவு வந்ததும் முறுக்குவது. ஆனால் அந்த அளவு வருவதற்குள் வண்டி ஸ்டாண்டை விட்டு எழும்பப் பார்த்தால் உடனே இறக்கிவிட்டு முதல் வழிக்குப் போங்கள். எவ்வளவு முறுக்குவது என்பதை உங்கள் மாடலின் மேனுவலில் பாருங்கள், வண்டிக்கு வண்டி மாறும். சக்கர நட்டுக்கும் அப்படித்தான். டொயோட்டாவின் சிறு கார்கள் பலவற்றில் 103 நியூட்டன் மீட்டர், போலோவில் 120.

அச்சுக்கு அடியில் இருக்கும்போதே பிரேக் ஹோஸில் வெடிப்பு, பீமின் முன் புஷ், எக்சாஸ்ட் தொங்கும் ரப்பர் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். சில வண்டிகளில் பின் அச்சிலிருந்து ஒரு சின்னக் கம்பி மேலே போகும். சுமைக்கு ஏற்ப பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கிற வால்வு அது. இருந்தால் அதைக் கழற்றவோ வளைக்கவோ கூடாது.

முடித்ததும் ஓட்டிப் பார்க்கும் முன் பிரேக் பெடலை இரண்டு தடவை மிதியுங்கள். முதலில் வீட்டுத் தெருவிலேயே மெதுவாகப் போய் ஒரு ஹம்ப் தாண்டுங்கள், ரேடியோவை நிறுத்திவிட்டு. பின்பக்கம் ஒரே அசைவில் உட்கார்ந்துவிட வேண்டும். மேலிருந்து தட்டினால் மேல் நட், அல்லது வாஷர் வரிசை மாறியிருக்கும். கீழிருந்து தட்டினால் கீழ் போல்ட். 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு சக்கர நட்டுகளையும் இந்த இரண்டையும் மறுபடி டார்க் ரென்ச் வைத்துப் பாருங்கள். முதல் சில நாள் வண்டி கொஞ்சம் இறுக்கமாகத் தோன்றும். அது புது ஷாக்கின் குணம்.

எப்போது விட்டுவிட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேல் நட் உட்காரும் தகடு துருப்பிடித்துப் பிளந்திருந்தால், பிராக்கெட் வெடித்திருந்தால், பிராக்கெட்டோடு ஒட்டவைத்த நட் உள்ளே சுற்றிக்கொண்டே இருந்தால், போல்ட்டை மறுபடி போட்டு மூடிவிட்டு வெல்டிங் தெரிந்த ஆளிடம் கொண்டு போங்கள். அது வாசலில் செய்கிற வேலை இல்லை. வண்டியை எப்போதாவது விற்க நினைத்தால் ரோட்வொர்த்தி (சாலையில் ஓடத் தகுதியா என்று பார்க்கிற) சோதனையிலும் இந்த இடங்களைப் பார்ப்பார்கள்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் வரை வைத்துக்கொள்ளாதீர்கள். போல்ட் ஒன்று அறுபட்டால் சாமான் தேட இரண்டு நாள் கையிருப்பு வேண்டும். பிள்ளைகள், அம்மா, பூஜைச் சாமான், சாப்பாட்டுப் பாத்திரம் எல்லாம் ஏற்றிக் கிளம்பும்போது டயர் காற்றைக் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் முழுச் சுமைக்கு என்று போட்டிருக்கும் அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அலையாகத் தேய்ந்த டயர் இருந்தால் புது ஷாக் போட்ட பிறகும் ஒரு ஹம்மென்ற சத்தம் இருக்கும். அது டயரின் சத்தம், ஷாக்கில் தேடாதீர்கள். பழைய ஷாக்குகளைத் துளை போடவோ நெருப்பில் போடவோ வேண்டாம். கேஸ் அழுத்தம் இருப்பதைச் சொல்லி ஸ்கிராப் வாங்குகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். கீழ் போல்ட் வராமல் நின்றால் பிராக்கெட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், எந்த இடத்தில் அறுப்பது என்று பார்த்துச் சொல்கிறேன்.